அடுப்பில்லாத மத்தியானம்: மலையில் டின் மீன் சம்பல்

ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரியைத் தொடுவதே இல்லை. 2,240 மீட்டர் உயரத்தில் 92, 93 டிகிரிக்கே தளதளவென்று கொதித்துவிடும். கொதி வந்துவிட்டதே என்று அரை மணி கழித்து மூடியைத் திறந்தால் பருப்பு அப்படியே முழிக்கும். கொடைக்கானலிலும் இதே கதைதான். குக்கர் இல்லாத ஒற்றை அறையில் தங்கி வேலைக்குப் போகிறவருக்கு மத்தியானச் சாப்பாடு என்பது கேஸையும் காலை நேரத்தையும் சேர்த்து விழுங்குகிற வேலை.

டின் மீன் இங்கேதான் கைகொடுக்கிறது. மீனை டின்னில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, அழுத்த நீராவியில் 116 முதல் 121 டிகிரி வரை சூடேற்றி எடுக்கிறார்கள். மத்தியின் நடுமுள்ளை விரலால் நசுக்கினால் மாவாகிவிடும், அவ்வளவு வெந்திருக்கும். ஆக, சமையல் கீழேயே முடிந்துவிட்டது. மலைமேல் நமக்கு மிச்சம் மூன்று வேலை: வடிப்பது, புளிப்பேற்றுவது, பிசைவது. டின் மீன் நாற்றம், சவசவ என்று ஒதுக்குகிறவர்களில் பெரும்பாலானோர் முதல் வேலையிலேயே கோட்டை விட்டிருப்பார்கள்.

கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்தில் இதையெல்லாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கு டின் மீனும் சம்பலும் பழைய சிநேகம். தேங்காய், வற்றல் மிளகாய், சின்ன வெங்காயம், மாசி, எலுமிச்சை, இவ்வளவுதான் சம்பல். அங்கே பாண் என்று சொல்லும் ரொட்டிக்கு அது தோதான துணை. மாசி என்பது சூரை (டூனா) மீனை வேகவைத்துப் புகையூட்டிக் காயவைத்தது. டின்னில் வரும் சூரையும் பல நேரம் அதே இனம்தான். எனவே மாசியின் இடத்தில் டின் சூரையைப் போடுவதில் முறைகேடு ஒன்றும் இல்லை. அளவுதான் தலைகீழாகும். அங்கே மீன் வாசனைக்கு, இங்கே மீன்தான் சாப்பாடு.

டின்னை வாங்கும்போது

கடையில் கிடைப்பது மூன்று வகை: சூரை, மத்தி (தெற்கே சாளை), கானாங்கெளுத்தி வகை. சேர்த்து அடைத்திருக்கும் திரவமும் மூன்று வகை: உப்புநீர் அல்லது வெறும் நீர், எண்ணெய், தக்காளிச் சாறு. சம்பலுக்கு நீரில் அடைத்த சூரையே சரி. எண்ணெயில் வருவது ருசியில் ஒரு படி மேல்தான். ஆனால் எண்ணெயில் ஊறிய மீனில் எலுமிச்சைச் சாறு சீக்கிரம் இறங்காது, வழுக்கிக்கொண்டு நிற்கும். அதை ரொட்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.

லேபிளில் இரண்டு எடை இருக்கும். மொத்த எடை ஒன்று, திரவம் வடித்த எடை ஒன்று. விலையை இரண்டாவதோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். 185 கிராம் சூரை டின்னில் மீன் 120 முதல் 130 கிராம் வரை இருக்கும், மிச்சம் தண்ணீர். பெரிய 425 கிராம் டின்னிலும் பாதியை விடச் சற்றுக் கூடுதல்தான் மீன். மலிவாகத் தெரிகிற டின் இந்தக் கணக்கில் மலிவாக இல்லாமல் போவதுண்டு. சூரையிலேயே முழுத்துண்டு, சிறுதுண்டு, தூள் என்று தரம் பிரித்திருப்பார்கள். தூள் பிசைந்ததும் கூழாகிவிடும். முழுத்துண்டை வாங்கி நாமே உதிர்ப்பது வீண் செலவு. சிறுதுண்டு போதும்.

மலையில் டின்னுக்கு வருகிற நோய் துரு. ஆடி மாத மூடுபனியில் சுவரே வியர்க்கிற வீட்டில், சுவரை ஒட்டி அடுக்கிய டின்கள் மூன்று மாதத்தில் விளிம்பில் துருப்பிடிக்கும். துணியால் துடைத்தால் போகிற துரு பரவாயில்லை. துடைத்த இடத்தில் குழி தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். மூடியும் உடலும் சேரும் மடிப்பில் ஒடுங்கியிருந்தாலும் வேண்டாம். இன்னொரு சிக்கல், உயரத்தால் வருவது. மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் சிப்ஸ் பாக்கெட் மேலே வந்ததும் பலூனாக உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். நன்றாக அடைத்த டின்னுக்குள் வெற்றிடம் இருப்பதால் அதன் மூடி குழிந்தே இருக்கும். வெற்றிடம் சரியாக இல்லாத டின் மட்டும் மலையேறியதும் மூடியை லேசாகத் தூக்கும். "உயரத்தால் வந்த உப்பல்தானே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். கெட்டுப்போன டின்னும் பார்வைக்கு அப்படித்தான் உப்பியிருக்கும், வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை. திறந்ததும் நுரைத்தாலோ பீறிட்டாலோ நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலையே கூடாது.

சிலர் கேட்பதுண்டு, கீழேயிருந்து வந்த மீனை நாமே பாட்டிலில் போட்டுக் குக்கரில் அவித்து அடைத்து வைக்கக் கூடாதா என்று. கூடாது. சமவெளியில் 120 டிகிரியை எட்டுகிற குக்கர், வெளிக் காற்றழுத்தம் குறைந்த மலையில் அதே விசிலுக்குச் சில டிகிரி தாழ்வாகவே நிற்கும். காற்றில்லாத இடத்தில் முளைத்து நஞ்சு கக்கும் பாட்டுலினம் கிருமியின் விதைகளுக்கு அந்தச் சில டிகிரி போதும் பிழைத்துக்கொள்ள.

வடிப்பது

காலைக் குளிரில் விரல் மரத்திருக்கும்போது நகத்தால் வளையத்தைக் கிளப்பாதீர்கள். கரண்டிக் காம்பை வளையத்துக்கு அடியில் கொடுத்து நெம்பினால் 'டக்' என்று விடும். பிறகு மெதுவாக உங்களை நோக்கி இழுக்க வேண்டும். கடைசி ஒரு சென்டிமீட்டரில்தான் எல்லாரும் வெடுக்கென்று இழுத்துச் சட்டையில் தெறிக்கவிடுவார்கள். அந்த ஒரு சென்டிமீட்டரை விட்டுவிடுங்கள், மூடி ஒட்டிக்கொண்டே இருக்கட்டும். இப்போது மூடியை மீன்மேல் படிய மடக்கி, சின்ன டம்ளரின் அடிப்பாகத்தால் அழுத்திக்கொண்டு டின்னைச் சாய்த்துப் பிடியுங்கள். கட்டைவிரலால் அழுத்த வேண்டாம், வெட்டிய விளிம்பு பிளேடு மாதிரி. முப்பது எண்ணும் வரை பிடித்து, டின்னை அரைவட்டம் திருப்பி, இன்னொரு முறை அழுத்துங்கள். 185 கிராம் டின்னில் கிட்டத்தட்ட 50 மில்லி, அதாவது மூன்று மேசைக்கரண்டிக்கு மேல் இறங்க வேண்டும். இரண்டு கரண்டியோடு நின்றுவிட்டால் மிச்சம் மீனுக்குள்தான் இருக்கிறது. பத்து நிமிஷத்தில் அது சம்பலின் அடியில் குளமாகத் தேங்கும்.

ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்புநீர் டின்னை வடித்த பிறகு அரை டம்ளர் குடிநீர் ஊற்றி ஒரு சுழற்று சுழற்றி மறுபடி வடிக்கலாம். உப்பு கணிசமாகக் குறையும். ருசியும் கொஞ்சம் போகும், அதை எலுமிச்சையும் மிளகும் சமாளித்துக்கொள்ளும். மற்றவர்கள் கழுவ வேண்டாம்.

திறந்ததும் பயமுறுத்துகிற இரண்டு சங்கதி உண்டு. குளிரில் மீனைச் சுற்றிக் கண்ணாடிபோல் ஜெல்லி கட்டியிருக்கும். அது மீன் தோலிலும் முள்ளிலும் இருந்து கரைந்த பசை, ஆட்டுக்கால் சூப்பு ஆறினால் உறைகிற மாதிரி. கெட்டதல்ல, ஆனால் ஜெல்லியாக இருக்கும்போது வடியாது. திறக்காத டின்னை ஐந்து நிமிஷம் சுடுநீரில் போட்டு எடுத்தால் இளகிவிடும். ஃபிளாஸ்க்கில் டீக்கு வைத்திருக்கும் வெந்நீரே போதும். இந்த ஐந்து நிமிஷத்துக்கு இன்னொரு பலனும் உண்டு: சில்லிட்ட மீனில் ருசி எழாது, உப்பும் வாடையும் மட்டும் தூக்கலாகத் தெரியும். வெதுவெதுப்பானால் மீன் மீனாக ருசிக்கும். ஆனால் மூடிய டின்னை அடுப்பிலோ கணப்பிலோ குளிர்காயும் நெருப்போரத்திலோ வைக்கவே வைக்காதீர்கள், வெடிக்கும்.

இரண்டாவது சங்கதி, பல்லில் நறநறக்கும் தெளிந்த துகள்கள். கண்ணாடிச் சில்லு என்று பதறுவார்கள். மீனில் இயல்பாக உள்ள மக்னீசியம், பாஸ்பேட் சத்துகள் சேர்ந்து உறைந்த படிகம் அது. சந்தேகமாக இருந்தால் ஒரு துகளை எடுத்து வெதுவெதுப்பான வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போட்டு வையுங்கள். படிகம் மெல்லக் கரையும், கண்ணாடி கரையாது. கரையாவிட்டால் அந்த டின்னைச் சாப்பிடாமல் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

சம்பல், ஒருவருக்கு

சின்ன வெங்காயம் ஏழெட்டு (50 கிராம்), பச்சைமிளகாய் ஒன்று, துருவிய தேங்காய் மூன்று மேசைக்கரண்டி, நடுத்தரக் கேரட் ஒன்று, எலுமிச்சை அரை மூடி, மிளகுத்தூள் கால் டீஸ்பூன், நல்லெண்ணெய் ஒரு டீஸ்பூன், மல்லித்தழை ஒரு பிடி, 185 கிராம் சூரை டின் ஒன்று. உப்பைப் பட்டியலில் சேர்க்கவில்லை. கடைசியில் ருசி பார்த்துவிட்டுத்தான் அதைப் பற்றிப் பேச்சு.

முதலில் வெங்காயம். பொடியாக அரிந்து, மிளகாயோடு சேர்த்து, எலுமிச்சையைப் பிழிந்து ஐந்து நிமிஷம் விடுங்கள். புளிப்பு பட்டதும் வெங்காயத்தின் காட்டம் அடங்கி ஓரங்கள் இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறம் வந்த பிறகுதான் மற்றதெல்லாம். மீனைப் போட்ட பிறகு எலுமிச்சை பிழிந்தால் சாற்றை மீன் உறிஞ்சிக்கொள்ளும், வெங்காயம் காட்டம் குறையாமல் நிற்கும். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்கு அது ஏப்பமாக ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். பழத்தை ஒட்டப் பிழியவும் வேண்டாம், தோலின் கசப்பு இறங்கும். எலுமிச்சை இல்லாத நாளில் மரத்தக்காளி என்கிற புளிப்பு மலைப்பழம் ஒன்று. இரண்டாக அரிந்து சதையைக் கரண்டியால் வழித்துப் போடுங்கள், தோல் கசக்கும்.

அடுத்தது கேரட். ஊட்டிக் கேரட் சாறு மிகுந்தது. துருவினால் அரை நிமிஷத்தில் தட்டில் நீர் நிற்கும். கைக்குள் வைத்து ஒரு முறை பிழிந்துவிட்டுச் சேருங்கள். பிழிந்த சாற்றை அங்கேயே குடித்துவிடலாம். கேரட்டுக்குப் பதில் முட்டைக்கோஸும் ஆகும், மேல் மூன்று இதழை எடுத்துவிட்டு, உப்புத் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு, மடிப்புகளில் புழுவோ சிறு நத்தையோ இல்லை என்று பார்த்த பிறகு. பச்சைப் பட்டாணி பருவத்தில் இரண்டு கரண்டி உரித்துப் போட்டால் இனிக்கும். பீன்ஸ், பட்டர் பீன்ஸ், டபுள் பீன்ஸ் மட்டும் பச்சையாக வேண்டாம். மலைச் சந்தையில் அவை கண்ணைப் பறிக்கிற அளவுக்குக் குவிந்திருக்கும், ஆனால் அந்த இனத்தின் விதைகளில் வயிற்றைப் புரட்டுகிற பொருள் இருக்கிறது. அது நன்றாகக் கொதித்தால்தான் அழியும். இது அடுப்பில்லாத சாப்பாடு என்பதால் அவற்றுக்கு இங்கே இடமில்லை.

பிறகு தேங்காய், மிளகு, எண்ணெய். நீரில் அடைத்த சூரையில் கொழுப்பு மிகக் குறைவு. எண்ணெய் ஒரு சொட்டாவது இல்லாவிட்டால் மரத்தூள் மென்ற மாதிரி இருக்கும். கேரளப் பழக்கத்தில் சிலர் தேங்காயெண்ணெய் விடுவார்கள். கீழே அது சரி. 24 டிகிரிக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறைந்துவிடும் என்பதால் ஊட்டியில், கொடைக்கானலில் அது வருஷத்தில் பெரும்பாலான நாள் மெழுகாகி, மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நல்லெண்ணெய் உறையாது, மீன் வாடையையும் அமுக்கும். தேங்காய்த் துருவலில் உள்ள கொழுப்பும் தேங்காயெண்ணெய் மாதிரியே குளிரில் உறையும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த துருவலை உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிஷம் கசக்கினால் கொழுப்பு இளகி மீனோடு சேரும்.

மீன் கடைசி. முள்கரண்டியால் இரண்டு மூன்று தடவை மட்டும் உதிர்த்து, கீழிருந்து மேலாகப் புரட்டுங்கள். பிசைவது என்ற பெயருக்காகச் சாதம் பிசைகிற மாதிரி பிசைந்தால் பூனைக்கு வைத்த மாதிரி ஆகிவிடும். இப்போது ருசி பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை உப்பு வேண்டியிருக்காது. வேண்டியிருந்தால் ஒரு சிட்டிகை, அதுவும் சாப்பிட உட்காரும்போது. முன்னதாகப் போட்ட உப்பு வெங்காயத்திலும் கேரட்டிலும் இருந்து நீரை இழுத்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு சம்பல் நீர்த்துவிட்டால் ஒரே மருந்து பொட்டுக்கடலை மாவு. இரண்டு மேசைக்கரண்டி தூவிப் புரட்டி மூன்று நிமிஷம் விட்டால் நீரையெல்லாம் குடித்துவிடும். புரதமும் நாலு கிராம் கூடும். ஒரு டின்னை இரண்டு பேர் பங்கிட வேண்டிய நாளிலும் இதே மாவும் ஒரு பிடி வறுத்த நிலக்கடலையும் துணைக்கு வரும்.

எதோடு சாப்பிடுவது

பேக்கரி ரொட்டியோ பன்னோ சுலபம். ரொட்டியில் முதலில் ஒரு இலை, லெட்யூஸோ முட்டைக்கோஸ் இதழோ, அதன் மேல்தான் சம்பல். இலை இல்லாவிட்டால் பத்து நிமிஷத்தில் அடித்துண்டு ஊறிக் கிழியும். ஊட்டியின் மொறுமொறு பேக்கரிப் பண்டமான வர்க்கியில் வைத்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அது கடித்ததும் நொறுங்கி மடியெல்லாம் சிதறும், நெய்ப்பசையோடு மீன் ஒட்டவும் ஒட்டாது. வர்க்கியை டீக்கே விட்டுவிடுவது இருவருக்கும் மரியாதை.

அவல் அருமையாகச் சேரும். கெட்டி அவல் 50 கிராம் ஒருவருக்குப் போதும். கீழே ஐந்து நிமிஷத்தில் ஊறுகிற அவல் மலைக் குழாய்த் தண்ணீரில் கால் மணி ஆனாலும் நடுவில் விறைப்பாக இருக்கும். ஃபிளாஸ்க் வெந்நீரைக் கலந்து வெதுவெதுப்பாக்கி ஊற்றினால் ஐந்தாறு நிமிஷம். நீரைப் பிழிந்துவிட்டுச் சம்பலோடு புரட்டுங்கள்.

பொரியில் கலந்தால் மசாலாப் பொரி மாதிரி ஜோராக இருக்கும், ஆனால் மூன்று நான்கு நிமிஷத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். மூடுபனிக் காலத்தில் பொரி பாக்கெட்டைப் பிரித்த அன்றே நமுத்துவிடும். இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் போட்டு வைத்தால்தான் மறுநாள் மொறுமொறுக்கும்.

பழைய சோற்றை நினைத்தால் ஒரு வார்த்தை. சமவெளியில் ஒரு ராத்திரியில் புளித்துப் பக்குவமாகிற சோறு, டிசம்பர் உறைபனி நாளில் ஊட்டிச் சமையலறையில் விடிந்தும் வெறும் தண்ணீர்ச் சோறாகவே கிடக்கும். புளிக்கட்டும் என்று இன்னொரு பகல் வைக்கிற பழக்கம் நல்லதல்ல. புளிக்காததை அப்படியே சம்பலோடு சாப்பிட்டுவிடுங்கள், புளிப்பைத்தான் எலுமிச்சை கொடுத்துவிட்டதே.

மற்ற இரண்டு வழிகள்

தக்காளிச் சாற்றில் அடைத்த மத்தி சின்ன டின் 155 கிராம் அளவில் வரும். இதை வடிக்கவே கூடாது, சாற்றில்தான் ருசியெல்லாம். ஆனால் சாறு நீர்க்க இருக்கும், ரொட்டியில் வைத்தால் முழங்கை வரை வழியும். மெல்லிய அவல் ஒரு பிடியை ஊறவைக்காமல் அப்படியே சாற்றில் தூவி ஐந்து நிமிஷம் விட்டால் அதுவே சாற்றைக் குடித்துக் கெட்டியாகும். மத்தியை முள்ளோடு மசியுங்கள். நடுமுள்ளை எடுத்துப் போடுகிறவர்கள் கால்சியத்தை எடுத்துப் போடுகிறார்கள், டின் மத்தியை முள்ளோடு தின்றால் கிட்டத்தட்ட ஒரு டம்ளர் பாலுக்கு ஈடு. சாற்றிலேயே புளிப்பு இருப்பதால் எலுமிச்சை வேண்டாம். அரிந்த வெங்காயம், மிளகு, இருந்தால் கொடைக்கானல் மலைப்பூண்டு அரைப் பல் நசுக்கியது. முழுப் பல் போட்டால் பச்சைப் பூண்டின் காரம் மீனை மறைத்துவிடும், இந்தப் பூண்டு கொஞ்சத்திலேயே வேலை செய்யும்.

இன்னொன்று பட்டர் ஃப்ரூட் (அவகாடோ). தாண்டிக்குடி போன்ற பழனிமலைக் கீழ்ச்சரிவுகளில் விளைவது. பாதிப் பழத்தின் சதையை முள்கரண்டியால் மசித்து, எலுமிச்சை, மிளகு, பச்சைமிளகாய், வடித்த சூரை சேர்த்துப் பன்னில் வைத்தால் மயோனைஸைத் தேட வேண்டியதில்லை. இதில் தேங்காயும் எண்ணெயும் வேண்டாம், பழத்தின் கொழுப்பே போதும். சிக்கல் பழுப்பதில்தான். குளிரில் பட்டர் ஃப்ரூட் வாரக்கணக்கில் கல்லாகவே இருக்கும். இரண்டு வாழைப்பழத்தோடு காகிதத்தில் சுற்றி அரிசிப் பானைக்குள் வையுங்கள். காம்புப் பக்கம் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். பழுக்காததை மசிக்க முயன்றால் கசக்கும், கட்டி கட்டியாக நிற்கும்.

தயிர் சேர்த்துப் பிசைகிற முறையும் உண்டு. மீனும் தயிரும் சேரக் கூடாது என்கிற வீடுகள் நம் பக்கம் அதிகம். அங்கே போய் வாதாடுவதைவிடப் பட்டர் ஃப்ரூட்டோ தேங்காயோ போட்டுவிட்டுப் போவது மேல்.

புரதக் கணக்கு

சூரை 130 கிராமில் 28 முதல் 30 கிராம் புரதம். பொட்டுக்கடலை மாவு நாலு, அவலில் மூன்று நாலு. மொத்தம் 35 கிராம் பக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் தேவை. 60 கிலோ எடை உள்ளவருக்கு 50 கிராம். ஆக ஒரு வேளையிலேயே பாதியைத் தாண்டிவிடுகிறது. அதே புரதத்துக்கு முட்டை என்றால் ஆறு வேண்டும், வெறும் சோறு என்றால் ஒரு கிலோவுக்கு மேல். மத்தி சின்ன டின்னில் 18 முதல் 20 கிராம்தான் வரும், கூட ஒரு பிடி நிலக்கடலை கொறித்தால் சரியாகும்.

தினமும் சூரை வேண்டாம். பெரிய மீன்களில் பாதரசம் சேரும், சூரை அந்த வழியில் வருவது. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வாரம் ஒன்றிரண்டு வேளையோடு நிறுத்தி மத்திக்கு மாறுவது நல்லது. யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்குகிறவர்களுக்கு மத்தியே ஆகாது, மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டிக்கொண்டு போவது

கொழுந்துக் காட்டுக்கோ கடைக்கோ பள்ளிக்கோ எடுத்துப் போவதாக இருந்தால் காலையிலேயே எல்லாவற்றையும் கலந்து டிபன் பாக்ஸில் போடாதீர்கள். டின்னை மூடியபடியே பையில் வையுங்கள். தேங்காய், பிழிந்த கேரட், மல்லி ஒரு டப்பாவில், எலுமிச்சையில் ஊறிய வெங்காயம் இன்னொரு சின்ன டப்பாவில், அவலோ பன்னோ தனியே. வெங்காயத்தைத் தேங்காயோடு நாலு மணி நேரம் பூட்டி வைத்தால் டப்பாவைத் திறக்கும்போது பக்கத்தில் இருப்பவர் எழுந்து போவார். வடிக்கிற நீருக்கு ஒரு பழைய மூடி பாட்டில் கொண்டுபோங்கள். உட்கார்ந்த இடத்தில் திறந்து, வடித்து, புரட்டிச் சாப்பிடப் பத்து நிமிஷம்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "இது ஊட்டிதானே, வெளியே வைத்தாலே ஃபிரிட்ஜ்" என்பது மலைவாசிகளின் பெரிய தப்புக்கணக்கு. பகலில் 18, 20 டிகிரி என்பது நமக்குக் குளிர், கிருமிக்கு இதமான வெயில். சூரை, மத்தி, கானாங்கெளுத்தி மூன்றுமே திறந்து கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரக்கூடிய மீன்கள். முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் அரிக்கும். நாக்கில் மிளகைக் கடித்த மாதிரி சுருசுருவென்றால் துப்பிவிடுங்கள். சேர்ந்த ஹிஸ்டமின் மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. திறந்த மீன் வெளியில் இருக்கலாம் என்றால் அதிகபட்சம் இரண்டு மணி நேரம். மிச்சத்தை டின்னிலேயே விடாமல் கண்ணாடி அல்லது எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் முடித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் ராத்திரி முழுக்கப் போயிருந்தால் அதுவும் கிடையாது. மழையில் பாதை அடைபட்டுக் கீழேயிருந்து வண்டி வராத நாட்களுக்காகத்தான் அலமாரியில் நாலு டின் வைக்கிறோம். அந்த நாட்களில் பெரிய டின்னைத் திறப்பதைவிடச் சின்ன டின் இரண்டு வைத்திருப்பது புத்திசாலித்தனம், மிச்சம் என்ற பேச்சே வராது.

சாப்பிட்ட பிறகு காலி டின். தேயிலைச் செடிக்கு அடியிலோ சோலை ஓரத்திலோ வீசிவிட்டு வராதீர்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் எண்ணெய் வாசனைக்குக் கரடி வீட்டுக் கதவையே உடைத்து வருகிறது. மீன் டின்னுக்குச் சும்மா இருக்குமா? காட்டுப்பன்றியும் குரங்கும் நாயும் நக்க வந்து நாக்கை அறுத்துக்கொள்ளும். வடித்த மீன் நீரையும் வாசலில் ஊற்ற வேண்டாம், கழிப்பறையில் ஊற்றித் தண்ணீர் விடுங்கள். டின்னை வெந்நீரும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, மூடியை உள்ளே தள்ளி, வாயை நசுக்கி மூடிச் சேர்த்து வைத்தால் பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொள்வார். பவுச்சில் வரும் மீன் என்றால் அந்த உறையை எடுக்க ஆளில்லை, பிளாஸ்டிக்குக்குக் கெடுபிடி உள்ள மலையில் அதைக் கையோடு திரும்பக் கொண்டுவர வேண்டும். கையில் ஒட்டிய வாடைக்குப் பிழிந்த எலுமிச்சை மூடியும் டீ வடித்த சக்கையும் சேர்த்துத் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு அதற்குப் பிறகு.